பட்டாவும் அடங்கலும்

நிலத்தைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு விதமான கணக்கு உண்டு. பட்டாவும் சிட்டாவும் இந்த நிலம் இன்னாருடையது, பரப்பு இவ்வளவு, தீர்வை இவ்வளவு என்று சொல்பவை. அடங்கல் வேறு. இந்தப் பசலியில், இந்தப் புல எண்ணில், உண்மையாக என்ன பயிர் நிற்கிறது, எவ்வளவு தரிசாகக் கிடக்கிறது என்பதைச் சொல்வது அது. பத்து ஏக்கருக்குப் பட்டா வைத்திருப்பவர் இரண்டு ஏக்கரில் மட்டும் சோளம் போட்டிருக்கலாம். மீதியில் வேலிக்காத்தான் மண்டியிருக்கலாம். பட்டாவைப் பார்த்து விளைச்சலை மதிப்பிட்டாலும் பிழை. அடங்கலைப் பார்த்து உடைமையை மதிப்பிட்டாலும் பிழை. திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள மேட்டாங்காட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு இயங்குதளம் எவ்வளவு நினைவகத்தை எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பார்க்கப் புகுந்தபோது எனக்குக் கைகொடுத்தவை இந்தக் கிராமக் கணக்குகள்தாம். தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கல்லூரியில் நன்னூலும் சங்க இலக்கியமும் நடத்துகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல்லடைவுதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

2018ஆம் ஆண்டின் தொடக்கம். என் முதுகலை மாணவி ஒருத்தி ஆய்வேட்டுக்கு ‘கோடு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். மலைச்சிகரம், மரக்கிளை, யானையின் தந்தம், விலங்கின் கொம்பு, சங்கு, நீர்க்கரை என்று எத்தனையோ பொருள் தாங்கும் சொல் அது. எங்கள் ஊரே ஒரு செம்மையான கோடு. அதன் மேலேதான் அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சங்க நூல்களிலிருந்து கம்பன் வரை இந்தச் சொல் வரும் இடங்கள் அனைத்தையும் திரட்டிப் பொருள் மாற்றத்தைக் காட்டுவது அவளுடைய திட்டம். சங்க இலக்கியத்துக்கு மட்டுமென்றால் கவலையில்லை. தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் 1992இல் வெளியிட்ட சொல்லடைவு இருக்கிறது; முனைவர் ப.பாண்டியராஜா இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் தொடரடைவுகள் இருக்கின்றன. ஆனால் அவளுக்குச் சங்கம், திருமுறை, திவ்வியப் பிரபந்தம், கம்பராமாயணம் நான்கும் ஒரே அகரவரிசையில் வேண்டும். அத்தோடு சொல்லின் முதலில் மட்டுமன்றி நடுவிலும் தேட வேண்டும். செங்கோடு, வெண்கோடு என்று முன்னொட்டிக்கொண்டு வரும். உருபேற்றால் கோட்டு என்று இரட்டித்து நிற்கும். புணர்ச்சியில் இரண்டு சொல் ஒன்றாகிவிடும். எந்த வடிவில் வரும் என்பது முன்கூட்டித் தெரிந்தால் சும்மா தேடிப் பார்த்துவிடலாம். தெரியாத வடிவங்களையும் கண்டுபிடிப்பதற்காகத்தானே அடைவு?

அவளுடைய அண்ணன் பாலிடெக்னிக்கில் கணினி படித்தவன். படித்தது அது, பார்த்த வேலை வேறு: எங்கள் ஊர் இளைஞர்கள் பலரைப் போல ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பியபோது தங்கைக்காக பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தான். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை எடுத்து, ஒவ்வொரு அடியையும் அதன் முதலெழுத்திலிருந்து ஒருமுறை, இரண்டாம் எழுத்திலிருந்து ஒருமுறை, மூன்றாம் எழுத்திலிருந்து ஒருமுறை என்று வெட்டி, வெட்டிய துண்டுகளையெல்லாம் அகராதிபோல அடுக்குவது அதன் வேலை. அப்படி அடுக்கினால் எந்தச் சொல்லின் நடுவில் ‘கோடு’ ஒளிந்திருந்தாலும் ககரத்தின் கீழ் வந்து நின்றுவிடும். இலக்கணம் படித்த எனக்கே அந்த யோசனை பிடித்திருந்தது.

நிரல் ஓடியது அவன் பள்ளி முடிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியில். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் தவணைகளில் வந்தது. நினைவகம் 2 ஜிபி. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் இருந்தது. (அந்த மடிக்கணினிகளைப் பெற்ற பிள்ளைகள் பலரும் முதல் வாரத்திலேயே செய்தது லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டதுதான். இவன் அழிக்காமல் வைத்திருந்தான் என்பதாலேயே இந்தக் கட்டுரை எழுத முடிகிறது.)

இரவு முழுக்க ஓடும் நிரல் விடியும்போது இருக்காது. திரையில் ஒற்றைச் சொல் மட்டும் கிடக்கும்: ‘கில்டு’. கொல்லப்பட்டது. யார் கொன்றார்கள், ஏன் என்று ஒரு வார்த்தை கூடுதலாக இராது. கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப்போனாள். அவர் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஓடாதபோதே 70 எம்பிதான் காலியாக இருக்கிறது, இந்த மெஷின் முடிந்துவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதியது முப்பதாயிரம். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர்.

“ஏனுங்கய்யா, அப்பா வார ஃபைனான்சுல கேட்டிருக்கறாருங்க. தலைப்ப மாத்திக்கலாங்களா? சங்க இலக்கியத்தோட நிறுத்திக்கறனுங்க” என்று அவள் கேட்டபோதுதான் நான் இதில் இறங்கினேன். ஒரு மாணவி தன் ஆய்வுப் பரப்பை நூல்களின் தன்மையை வைத்துச் சுருக்கலாம்; காலத்தை வைத்துச் சுருக்கலாம். ஓர் இயந்திரத்தில் 70 என்று ஒரு எண் தெரிந்தது என்பதற்காகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தவிர, வார வட்டி எங்கே கொண்டுபோய்விடும் என்பதை எங்கள் ஊரில் நிறையப் பார்த்தாயிற்று.

முதலில் அந்த 70. மடிக்கணினியை என் அறைக்கு வரவழைத்து அதே கட்டளையைக் கொடுத்தோம். மொத்தம் 1,870 எம்பி என்று காட்டியது (2 ஜிபியில் கொஞ்சத்தை வரைகலைக்கும் தனக்குமாக இயந்திரம் முன்பே எடுத்துக்கொண்டுவிடுகிறது). காலி என்ற பத்தியில் கடைக்காரர் சொன்னதுபோல எழுபதை ஒட்டிய எண்தான் இருந்தது. ஆனால் வரிசையின் கடைசியில், ‘கிடைக்கக்கூடியது’ என்ற பொருளில் இன்னொரு பத்தி. அங்கே 900க்கு மேல்! லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தைச் சும்மா விடுவதில்லை. வன்தட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை, மறுபடி கேட்டால் உடனே கொடுக்கலாமே என்று அதில் போட்டுவைத்துக்கொள்கிறது. வேறு நிரல் இடம் கேட்டால் அந்த நொடியே ஒழித்துக் கொடுத்துவிடும். அறுவடை முடிந்த காட்டில் அடுத்த மழை வரும்வரை ஆடு மேயவிடுவதைப் போல. மேய்கிற ஆட்டைப் பார்த்துவிட்டு நிலம் காலியில்லை என்று சொல்வாருண்டா? இந்தக் குழப்பம் உலகம் முழுவதும் இருந்திருக்கிறது. அதனால்தான் 2014இல் வந்த கெர்னலின் 3.14ஆம் பதிப்பில் கிடைக்கக்கூடிய அளவைத் தனியே கணக்கிட்டுக் காட்டும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். கடைக்காரர் அந்தக் கடைசிப் பத்தி வரை கண்ணை ஓட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆக, கணினி முடிந்துவிடவில்லை. ஆனாலும் நிரல் கொல்லப்பட்டது உண்மை. அதன் காரணத்தைத் தேட அண்ணனை அழைத்தோம். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு காட்டில், ரிக்கின் கம்ப்ரஸர் இரைச்சலுக்கு அப்பால் நின்று பேசினான். “சார், ப்ராக்குக்குள்ள போங்க சார். ஓடறப்பவே பாக்கலாம்.”

ப்ராக் என்பது லினக்ஸில் ஒரு கோப்புறை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் எண்ணை இட்ட ஓர் அறை அதற்குள் இருக்கும். அறைக்குள் பல கோப்புகள். அளவைப் பார்த்தால் எல்லாம் சுழியம்! வன்தட்டில் அவை எங்கும் இல்லை. நாம் திறந்து படிக்கும் கணத்தில் கெர்னல் தன்னைத் தானே சோதித்துப் பார்த்து அந்தக் கணத்து நிலவரத்தை எழுதிக் காட்டுகிறது, மூடினால் மறைந்துவிடுகிறது. ஓடும் நிரல்களைக் கோப்புகளாகவே காட்டும் இந்த யோசனையை 1984இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கில்லியன் யூனிக்ஸுக்காகச் செய்தார். அது எங்கெங்கோ கிளைத்து லினக்ஸுக்கும் வந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மறைப்பே இல்லாமை. எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

அங்கே ‘ஸ்டேட்டஸ்’ என்ற கோப்பில் சில வரிகள். விஎம்சைஸ் என்பது ஒன்று. விஎம்ஆர்எஸ்எஸ் என்பது இன்னொன்று. நிரலை ஓடவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் முதலாவது பெரிதாக இருந்தது, இரண்டாவது அதைவிடக் கணிசமாகச் சிறிதாக இருந்தது. ஒரே நிரலுக்கு எப்படி இரண்டு அளவு? அப்போதுதான் பட்டாவும் அடங்கலும் எனக்கு நினைவுக்கு வந்தன. முதலாவது, நிரலுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட முகவரிகளின் மொத்தப் பரப்பு, பட்டா. இரண்டாவது, அதில் நிரல் உண்மையாகத் தொட்டுப் பயன்படுத்தி, இப்போது நினைவகத்தில் இடம் பிடித்திருக்கும் அளவு, அடங்கல். நிரல் இடம் கேட்கும்போது கெர்னல் உடனே நிலத்தைக் கொடுப்பதில்லை, காகிதத்தைத்தான் கொடுக்கிறது. நிரல் அந்த முகவரியில் முதன்முதலாக ஏதேனும் எழுதப் போகும்போது அங்கே நிலம் இல்லாததைச் செயலி கண்டு கெர்னலுக்குச் சொல்லும்; அப்போதுதான் நிலம் அளந்து விடப்படும். அளக்கும் கோல் 4,096 பைட். அதற்குப் பெயர் ‘பக்கம்’. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்குமாதலால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 1,365 குறியீடுகள் கொள்ளும். நாம் அச்சில் காணும் ஒரு சிறிய நூலின் பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது ஒரு சிறு மகிழ்ச்சி.

2 ஜிபி நினைவகம் என்றால் இப்படி 5,24,288 பக்கங்கள். ஒவ்வொரு நிரலும் தானே முழு ஊருக்கும் சொந்தக்காரன் என்று எண்ணிக்கொண்டு தன் முகவரிகளில் உலவுகிறது. ஒவ்வொரு கிராமத்திலும் புல எண் 12 இருப்பதைப் போல, ஒரே முகவரி எண் இரண்டு நிரல்களில் இருக்கும். இரண்டும் வெவ்வேறு நிலம். எந்த முகவரி எந்த உண்மைப் பக்கம் என்ற பதிவேட்டைக் கெர்னல் வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு 1962இல் மான்செஸ்டரில் டாம் கில்பர்னும் உடனுழைத்தவர்களும் உருவாக்கிய அட்லஸ் கணினியில் தொடங்கியது. அதன் காந்த வளைய நினைவகத்தில் 512 சொல் கொண்ட பக்கங்கள் 32 மட்டுமே இருந்தன. சுழலும் உருளையில் இருந்ததையும் சேர்த்து எல்லாம் ஒரே நினைவகம் என்று நிரலை நம்பவைத்தார்கள்.

நம்பவைத்தல் என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். கெர்னல் தன்னிடமுள்ளதைவிட அதிகத்துக்குப் பட்டா எழுதிக் கொடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் உழ வரமாட்டார்கள் என்ற துணிவு. பெரும்பாலான நாட்களில் அது பலிக்கிறது. கேட்கிற நிரல்கள் கேட்ட முழுவதையும் தொடுவதில்லை. பலிக்காத நாளில் என்ன ஆகும் என்பதை நாங்கள் அன்று மாலை கண்ணால் பார்த்தோம்.

நிரல் ஓடிக்கொண்டிருக்க, சில நொடிக்கு ஒருமுறை அந்த வரிகளைப் புதுப்பித்துப் பார்த்தபடி இருந்தோம். சங்க நூல்கள் விரைவாக முடிந்தன. திருமுறையில் அடங்கல் எண் சீராக ஏறியது. ஏற ஏற, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வெளியேறின. பிரபந்தம் முடியும்போது கிடைக்கக்கூடிய அளவு ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. அடுத்து, அதிகம் புழங்காத பக்கங்களை வன்தட்டில் ‘ஸ்வாப்’ என்று ஒதுக்கிய பகுதிக்குத் தள்ளத் தொடங்கியது. அங்கே இருந்தது 512 எம்பி. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்தது. சுட்டியை நகர்த்தினால் அரை நிமிடம் கழித்து நகர்ந்தது. உலாவி திறந்திருந்த அந்த ஓட்டத்தில் கம்பனின் அயோத்தியா காண்டத்தில் நிரல் விழுந்தது. உலாவியை மூடிவிட்டு மறுபடி ஓட்டினோம். இம்முறை யுத்த காண்டம் வரை போய்ச் செத்தது. கடைசியாகப் பார்த்த வரிகளில் பட்டா 1,900 எம்பியைத் தாண்டியிருந்தது, அடங்கல் 1,340, வன்தட்டுக்குத் தள்ளப்பட்டது 480. திருமுடி சூட்டு படலத்தை அந்த நிரல் ஒருநாளும் கண்டதில்லை.

கொன்றவர் யார் என்பது கெர்னலின் நாட்குறிப்பில் இருந்தது. கொடுக்க ஒரு பக்கமும் இல்லாத நிலை வந்தால் லினக்ஸ் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொல்கிறது. அதற்கு மதிப்பெண் உண்டு. அதையும் ப்ராக்கில் பார்க்கலாம். நினைவகத்திலும் ஸ்வாப்பிலும் அதிக இடம் பிடித்திருப்பதற்கு அதிக மதிப்பெண், அதிக மதிப்பெண்ணுக்கு மரணம். எது பயனுள்ள வேலை செய்தது, எது ஆறு மணி நேரமாக உழைத்தது என்பதெல்லாம் அதன் முன் செல்லாது.

“அதுக்கு அந்த பிரவுசரக் கொல்லக் கூடாதுங்களாங்கய்யா?” என்றாள்.

கூடும். ஒவ்வொரு நிரலின் அறையிலும் மதிப்பெண்ணைத் திருத்தும் கோப்பு ஒன்று இருக்கிறது. கழித்தல் 1000 என்று எழுதினால் அந்த நிரலைத் தொடவே மாட்டார்கள். அப்படி எழுதக் கணினியின் தலைமை உரிமை வேண்டும், அது எங்களிடம் இருந்தது. ஆனால் உலாவியைப் பலி கொடுத்தாலும் யுத்த காண்டம்வரைதான் போக முடியும் என்று முன்பே பார்த்துவிட்டோமே. இதை மன்னன், புலவன் என்று உருவகித்து நான் ஏதோ சொல்லத் தொடங்க, அவள் அடுத்த எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். நல்ல மாணவி.

நான்கு தொகுதிகளும் சேர்ந்து கோப்பு அளவில் சுமார் 18 எம்பிதான். அது எப்படி 2 ஜிபி கேட்கும்? இதுதான் எங்கள் வழக்கின் மையம். மொத்த எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. எஸ்மேப்ஸ் என்ற கோப்பைத் திறந்தோம். நிரலின் பட்டா நிலம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எதற்கு, அதில் எவ்வளவு பயிர் என்று பல நூறு வரிகளில் காட்டுவது அது. பைத்தான் தன் சொந்த நூலகங்களுக்கு எடுத்திருந்தது மிகச் சொற்பம். கிட்டத்தட்ட எல்லாமே எந்தக் கோப்போடும் தொடர்பில்லாத, நிரல் தானே கேட்டு வாங்கிய வெற்று நிலம். அதாவது, வெட்டிய துண்டுகள்.

துண்டு ஒன்றை எடுத்து எடை போட்டோம். ‘கோடு’ என்ற சொல் யூனிகோடில் நான்கு குறியீடு: ககரம், ஓகாரக் குறி, டகரம், உகரக் குறி. கோப்பில் 12 பைட். அந்த பைத்தான் பதிப்பு தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு இரண்டு பைட் வைத்துக்கொள்கிறது, ஆக எட்டு. ஆனால் ‘கோடு’வின் அளவு என்ன என்று பைத்தானைக் கேட்டபோது வந்த விடை 82. மீதி 74 பைட் உறை: இது சொல் வகையைச் சேர்ந்த பொருள், நீளம் இவ்வளவு, எத்தனை இடங்களில் சுட்டப்படுகிறது என்ற விவரங்களும் முடிவுக்குறியும். (பிற்பாடு 3.12ஆம் பதிப்பில் இந்த உறையில் 16 பைட் குறைத்தார்கள்.) எட்டுப் பைட் சரக்குக்கு 74 பைட் பொட்டலம்! அடிகளை எழுத்தெழுத்தாக வெட்டியதில் சுமார் 36 லட்சம் துண்டுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை, அதனுடன் முன்பின் அடிகளின் நகல், அவற்றுக்கும் உறை, அகராதியில் ஓர் இடம், இட எண்களின் பட்டியல். தமிழுக்கு யூனிகோடில் நியாயம் செய்யவில்லை, எழுத்துக்கு மூன்று பைட் வாங்குகிறார்கள் என்று நம்மவர்கள் வெகுகாலமாகக் குறைப்படுவதுண்டு. அந்தக் குறையில் பொருளில்லாமல் இல்லை. ஆனால் இங்கே தமிழின் பங்கு மிகச் சிறிது. இடத்தைத் தின்றது பொட்டலம்.

எண்களை எழுதி அண்ணனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, வண்டி டீசலுக்காக நின்ற இடத்திலிருந்து அழைத்தான். “துண்டே வேண்டாம் சார். எங்க ஆரம்பிக்குதுங்கறத மட்டும் வெச்சுக்கலாம்.” நூல் முழுவதையும் ஒரே நீண்ட சரமாக நினைவகத்தில் ஒருமுறை வைப்பது, ஒவ்வொரு துண்டும் அந்தச் சரத்தில் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணை மட்டும், துண்டுகளின் அகரவரிசையில் அடுக்குவது. எண் ஒன்றுக்கு 4 பைட். 36 லட்சத்துக்கு 14 எம்பி சொச்சம்! அவன் தானாகக் கண்டடைந்த இந்த வழி உலகம் அறிந்ததே. ஊடி மான்பரும் ஜீன் மையர்ஸும் 1990இல் இதை முறைப்படி எழுதினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் தேடுவதற்காக காஸ்டன் கோனெட் இதையொத்த ஒன்றைச் செய்திருந்தார். அகராதிக்காரர்களின் தேவையிலிருந்து பிறந்த முறை, ரிக் வண்டியில் போனவன் வழியாக எங்கள் அகராதித் தேவைக்கு வந்து சேர்ந்தது.

அடுக்கும் வேலையை முதலெழுத்துவாரியாகப் பிரித்துச் செய்தது புதிய நிரல். அப்போதும் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதில் விஎம்ஹெச்டபிள்யூஎம் என்று ஒரு வரி. நிரலின் அடங்கல் இதுவரை எட்டிய உச்சம் எவ்வளவு என்பது அது. ஆற்றுப்பாலத் தூணில் வெள்ளம் வந்த மட்டத்துக்குக் கோடு போட்டு வைப்பார்களே, அதைப் போல. (இதுவும் ஒரு கோடு. அவள் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.) உச்சம் 790 எம்பியில் நின்றது. அடுக்கி முடித்த பின்னரும் நிகழ் அளவு உடனே இறங்கிவிடவில்லை. நிரல் தனக்குள் இனி வேண்டாமென்று விட்ட இடத்தையும், மறுபடி தேவைப்படலாம் என்று கெர்னலிடம் ஒப்படைக்காமல் வைத்துக்கொள்வதுண்டு என்பதை அன்று அறிந்தேன். அடைவைக் கோப்பில் எழுதிவிட்டு நிரல் முடிந்தது. கொல்லப்படாமல், தானாக.

மறுநாள் அந்தக் கோப்பை எடுத்துத் தேடும் நிரல் 40 எம்பிக்குள் அடங்கிவிட்டது. கொஞ்சம் கழித்து அண்ணன் அதையும் மாற்றினான். எண்களின் கோப்பை முழுதாகப் படிக்காமல் அதை நினைவகத்தின் முகவரிகளாகவே காட்டும்படி கெர்னலிடம் கேட்டால் போதும் என்றான். பட்டாவில் 14 எம்பி கூடியது. அடங்கலில் ஒரு எம்பிகூட ஏறவில்லை. ‘கோடு’ என்று கேட்டால், பாதி பாதியாக மடக்கித் தேடி, 22 இடங்களைத் தொட்டதும் விடை வந்துவிடுகிறது. தொட்ட இடங்களைச் சுற்றிய பக்கங்கள் மட்டும் நினைவகத்துக்கு வந்தால் போதுமே. 14 எம்பிக்கு உரிமையும், தொட்டதற்கு மட்டும் நிலமும். வாத்தியார் வகுப்பில் சொல்லும் உதாரணம்போல அவ்வளவு துல்லியமாக அந்த இரண்டு எண்ணும் திரையில் நின்றன.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அதிக நேரம் தடுமாறினேன். ஓடும் எல்லா நிரல்களின் அடங்கலையும் கூட்டிப் பார்த்தால் கணினியிலுள்ள நினைவகத்தைவிட அதிகமாக வந்தது. நிலத்தைவிட விளைச்சல் அதிகமா? காரணம் கூட்டுக் கிணறு. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சி மொழியின் பொது நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது நினைவகத்தில் ஒருமுறைதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிரலின் அடங்கலிலும் முழுதாக எழுதப்படுகிறது. நான்கு பங்காளிகள் முறைத் தண்ணீர் பாய்ச்சும் கிணற்றை நால்வரும் தத்தம் பத்திரத்தில் காட்டினால் ஊரில் நான்கு கிணறு ஆகிவிடாது. எஸ்மேப்ஸ் கோப்பில் பிஎஸ்எஸ் என்ற வரி இதைச் சரிசெய்கிறது. ஒரு பக்கத்தை எத்தனை நிரல்கள் பகிர்கின்றனவோ அத்தனையால் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் பங்கை மட்டும் எழுதுகிறது. அந்த வரிகளைக் கூட்டினால் கணக்கு நேராகிறது. எனக்குத் தெரிந்தவரை ஒரு நிரலின் ‘பாரம்’ என்று ஏதேனும் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பரவலாகப் பார்க்கப்படும் ‘டாப்’ என்ற கருவி வழக்கமாகக் காட்டுவது முன்னிரண்டைத்தான். இந்த நிரல் இத்தனை நினைவகம் தின்கிறது என்று யாரேனும் சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஏப்ரலில் ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டது. கம்பன் உட்பட. நான்கு தொகுதிகளிலும் ‘கோடு’ வரும் இடங்கள் பின்னிணைப்பாகப் பல பக்கம் நீண்டன. அவற்றுள் வினையாக வருபவற்றை, அதாவது வளைதல், நெறி தவறுதல் என்னும் பொருளில் வருபவற்றை, அவள் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதற்கு எந்த நிரலும் உதவவில்லை. புறத்தேர்வாளர் அந்தப் பின்னிணைப்பை எப்படித் திரட்டினாய் என்று கேட்டபோது, இடங்களை மட்டும் அடுக்கினோமுங்க என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அப்பா கேட்டிருந்த கடனை வாங்கவில்லை. மடிக்கணினி அதன் பிறகும் ஓடியது. கீல் உடைந்து, திரையைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இது ஒரு பொழுதுபோக்காகத் தங்கிவிட்டது. லினக்ஸ் பற்றித் தமிழிலேயே எழுதும் கணியம் இதழை (2012இல் தொடங்கியது) அதன் பின்னரே தொடர்ந்து படிக்கலானேன். இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யத் தொடங்குமுன், ஒரு எழுத்தும் இடாத வெற்றுப் பக்கத்தோடு திறந்திருக்கும் சொற்செயலியின் பிஎஸ்எஸ் வரிகளைக் கூட்டிப் பார்த்தேன். அந்த வெற்றுப் பக்கம், சங்கம் முதல் கம்பன் வரை வைத்துக்கொண்டு தேடிய எங்கள் நிரலைப் போல மூன்று மடங்குக்கு மேல் இடம் பிடித்திருந்தது.